பங்காளிக்குப் பத்து நிமிடம்

முதுநகர் மார்க்கெட்டில் அஞ்சுகம்
ஈரச் சாக்கை உதறினாள்.
கல் விழுவது போல் விழுந்தன.
"கிள்ளை ஆளி. காலைல கூட வாயத் தொறந்து மூடுச்சு.
சிப்காட் பக்கத்துச் சரக்கு நான் தொடறதில்ல."
இரண்டு டஜன், மூன்று கொசுறு.
பஸ்ஸில் மடியிலிருந்து சொட்டிக்கொண்டே வந்தது.
பக்கத்து சீட்டுக்காரர்
திருப்பாப்புலியூர் வரைக்கும்
காலைத் தூக்கியே வைத்திருந்தார்.

தமிழில் ஆளி
எதன் முதுகிலாவது ஏறிக்கொள்ளும்:
கடனாளி, நோயாளி, எதிராளி, பங்காளி.
"ஏமாளிய விட்டுட்டீங்க" என்றாள்
சமையலறையிலிருந்து பூங்கோதை.
தனியே விட்டால்
கல்லைப் பிடித்துக்கொள்ளும்.

கலியமூர்த்தி வருவதாகச் சொல்லியிருந்தான்.
அவன் எங்கே சொன்னான்,
அவன் மனைவி பூங்கோதைக்குப் போனில் சொன்னாள்.
கோண்டூர் மனையில் ஒன்றரை சென்ட்.
ஆறு வருஷம், பதினேழு வாய்தா.
சித்தப்பா மகள் கல்யாணத்தில்
ஒரே பந்தியில் எதிரெதிரே மாட்டிக்கொண்டு
பாயசத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டோம்.

பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தேன்.
சேறு போயிற்று, கொட்டலசு போகவில்லை.
அதற்கென்று இருக்கும் கத்தி என்னிடம் இல்லை;
டிவி ஸ்டாண்டைப் பூட்டிய ஸ்க்ரூடிரைவர் இருந்தது.
ஒன்றைத் திறக்க இருபது நிமிடம்.
இரண்டாவது என் உள்ளங்கையைத் திறந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான்
செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தான்.
என் கையைப் பார்த்தான்.
சட்டையைக் கழற்றி நாற்காலி முதுகில் போட்டான்.
ஸ்க்ரூடிரைவருக்காகக் கையை நீட்டினான்.
கூர்ப்பக்கம், மூட்டில் வைத்து
ஒரு திருகு.
டக்.
உள்ளே சாம்பல் நிறச் சதை,
அரை மடக்குக் கடல்.
சிந்தாமல் என் பக்கம் நகர்த்தினான்.
சிந்தாமல் வாங்கினேன்.
பதினாலாவதில் அவனுக்கும் வழுக்கியது.
பூங்கோதை அவனுக்கும் மஞ்சள் வைத்தாள்.

தட்டில் கல் உப்பைக் கொட்டிப் பரப்பி
ஓடு சாயாமல் ஒவ்வொன்றாக அமர்த்தினேன்;
சாறு வழிந்தால் ருசியும் வழிந்துவிடும்.
வெண்ணெயில் பூண்டு, பச்சை மிளகாய்,
கிள்ளிப்போட்ட கறிவேப்பிலை, மிளகு,
மேலே வருக்கியை இடித்த தூள்.
பழைய மிக்ஸியைக் கொடுத்துப்
பொங்கல் ஆஃபரில் எடுத்த ஓவன்,
கேக்கைத் தவிர வேறு அறியாதது.
இருநூற்று இருபது டிகிரி, பத்து நிமிடம்.
நாலு பேரும் கண்ணாடியைப் பார்த்து நின்றோம்.
ஒருவரையொருவர் பார்ப்பதைவிட
அது சுலபமாக இருந்தது.

ஏழாம் நிமிடம் கரண்ட் போனது.

என் கை கதவுப் பிடிக்குப் போனது.
"தொறக்காத" என்றான் கலியமூர்த்தி.
"உள்ள இருக்கற சூடே போதும்."

ஆறு வருஷத்தில்
வக்கீல் வழியாக வராத
முதல் வாக்கியம்.
பூங்கோதை மெழுகுவத்தி தேடுவதை நிறுத்தினாள்.
இருட்டில் உப்பு
ஒவ்வொரு கல்லாக வெடித்துக்கொண்டிருந்தது.

மொபைல் வெளிச்சத்தில் எடுத்தோம்.
ஓரம் சுருண்டிருந்தது, நடுவில் தளதளப்பு.
ஊதி, ஓட்டோடு வாயில் கவிழ்த்து,
நெய்யேறிய விரல்களை எங்கே துடைப்பதென்று தெரியாமல்
அவன் ஒன்பது தின்றான்.
"இது ஸ்டார்ட்டர்தான், சோறு இனிமேத்தான்" என்றாள் பூங்கோதை.
மனையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.
கொசுறில் ஒன்றும் அப்படியே;
என் கைக்கும் மசியவில்லை, அவன் கைக்கும்.
குழாயடியில் வைத்துவிட்டு மறந்துபோனோம்.

வியாழக்கிழமை கோர்ட்டில்
எதிரெதிர் பெஞ்சு.
வாதி என்று கூப்பிட்டார்கள், கை தூக்கினேன்.
பிரதிவாதி என்றார்கள், தூக்கினான்.
ஒரே இடத்தில் ஒரே நிறத்தில் பிளாஸ்திரி.
டவாலி என் கையைப் பார்த்தார்,
அவன் கையைப் பார்த்தார்,
கேட்க நினைத்து, கேட்கவில்லை.
அடுத்த மாதம் பன்னிரண்டுக்கு
ஒத்திவைத்தார்கள்.